முதல் பிணத்தின் கட்டைவிரல்

செத்துப்போனவர் கடை திறக்கக் கூடாது என்ற ஆணை வந்து சேர்ந்தபோது, சலூன்காரர் ஒரு வாடிக்கையாளருக்குப் பாதி மீசையை எடுத்து முடித்திருந்தார். மீதிப் பாதியில் கத்தியை வைக்கப்போன நேரத்தில் வாசலில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். இருவரும் மழைக்கோட்டு போட்டிருந்தார்கள். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

"கத்தியைக் கீழ வைங்க," என்றார் இருவரில் மூத்தவர்.

"ஒரு நிமிஷம் சார், இந்தப் பக்கம் மட்டும்..."

"எதையும் தொடாதீங்க. இது கொலை நடந்த இடம்."

வாடிக்கையாளர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். அதுவரை மீசையைப் பற்றிக் கவலைப்பட்டவர், இப்போது உயிரைப் பற்றிக் கவலைப்பட்டார். "யாருங்க செத்தது?"

மூத்தவர் சலூன்காரரைக் கைகாட்டினார். "இவர்தான்."

அதில் பொய் ஒன்றும் இல்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் இதே சலூனில், இதே நாற்காலிக்கு அடியில், சலூன்காரர் செத்துத்தான் போனார். டெலிவிஷனில்.

அந்தத் துப்பறியும் தொடருக்கு 'கடைசி பஸ் போன பிறகு' என்று பெயர். இந்த ஊரின் தெருக்களில்தான் எடுத்தார்கள். மழைக்கோட்டு போட்ட துப்பறிவாளர் ஒருவர் மழையில் நடப்பார், நிற்பார், மறுபடி நடப்பார். கதாநாயகருக்கு வசனம் மனப்பாடம் ஆகாது என்பதால் அவர் எப்போதும் மௌனமாகவே யோசித்தார். முதல் வாரம் கடைசி பஸ் கிளம்பிப் போகும். அது போனதும் சலூனுக்குள் ஒரு பிணம் கிடக்கும். பிணமாக நடிக்க வந்தவர் தலையணை கேட்டுச் சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டார். டைரக்டர் சுற்றும் முற்றும் பார்த்தார். புதிதாகக் கடை போட்டிருந்த வாலிபர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். "தம்பி, கொஞ்சம் படுங்க," என்றார். வாலிபர் படுத்தார். ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

படுத்திருந்தபோது ஒரு எறும்பு அவருடைய கால் கட்டைவிரலில் ஏறியது. பொறுத்துக்கொண்டார். சுற்றிப் பார்த்தது. அதையும் பொறுத்துக்கொண்டார். கடித்தது. விரல் லேசாக அசைந்தது.

"காலை எவன் பாக்கப்போறான்?" என்று சொல்லிவிட்டு டைரக்டர் அடுத்த காட்சிக்குப் போய்விட்டார்.

அவர் சொன்னது சரிதான். காலை மட்டுமல்ல, தொடரையே எவனும் பார்க்கவில்லை. கொலைகாரன் யார் என்று தெரியவேண்டிய கடைசி வாரத்துக்கு முன்னால், பணம் போட்ட சோப்புக் கம்பெனி கையைக் கழுவிவிட்டது. தொடர் அந்தரத்தில் நின்றது. எழுதினவருக்கே கொலைகாரன் யாரென்று தெரியாது என்று ஒரு பேச்சு உண்டு.

அப்புறம் வீட்டுக்கு நாலு கைபேசி வந்த காலத்தில், எவனோ ஒரு புண்ணியவான் அந்தத் தொடரைத் தோண்டி எடுத்தான். பத்துப் பேர் பார்த்தார்கள், பத்து லட்சம் பேர் பார்த்தார்கள். அதில் ஒருவன் காலைப் பார்த்துவிட்டான். அன்றைக்குப் பிடித்தது சனி. விரல் அசைந்தது, ஆகவே அவன் சாகவில்லை என்றது ஒரு கட்சி. அசையவில்லை, அது வெளிச்சத்தின் விளையாட்டு என்றது இன்னொரு கட்சி. அசைந்த கட்சிக்காரன் வீட்டில் அசையாத கட்சிக்காரன் பெண் எடுப்பதில்லை என்கிற அளவுக்குப் போனது. இரண்டு கட்சியும் ஊர் ஊராக மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு, கொலை நடந்த நகரத்தைப் பார்க்கக் கிளம்பி வந்தன.

ஈ மொய்த்தால் அங்கே இனிப்பு இருக்கிறது என்று அர்த்தம். வாரியம் மொய்த்தால் அந்த இனிப்பு தீரப்போகிறது என்று அர்த்தம். மாநகராட்சி உடனே 'தொடர் மரபுப் பாதுகாப்பு வாரியம்' என்று ஒன்றை ஆரம்பித்தது. நகரம், தொடரில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். வாரியத்துக்கு இட்ட கட்டளை அவ்வளவுதான்.

தொடரில் தெருக்கள் எப்போதும் நனைந்திருக்கும். ஆகவே தினமும் சாயங்காலம் ஒரு தண்ணீர் லாரி வந்து தெருவை நனைத்தது. அந்தத் தெருவில் குழாயில் தண்ணீர் வந்து பல நாளாகியிருந்தது. ஜனங்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரிக்குப் பின்னால் ஓடினார்கள். "பிடிக்கக் கூடாதுங்க, இது தண்ணி இல்ல, மழை," என்றார் டிரைவர். தொடரில் தெருவிளக்குகள் விட்டு விட்டு எரியும். ஆகவே நன்றாக எரிந்த விளக்குகளைப் பழுதுபார்த்துப் பழுதாக்க ஒரு எலக்ட்ரீஷியன் நியமிக்கப்பட்டார். ஒரு விளக்கு மட்டும் என்ன செய்தும் ஒழுங்காகவே எரிந்ததால் அவருக்குச் சம்பள உயர்வு நின்றுபோனது. தொடரில் ஒரு நொண்டி நாய் வரும். நேர்முகத் தேர்வு வைத்து, நாலு காலும் நன்றாக இருந்த நாயை எடுத்து, நொண்டப் பயிற்சி கொடுத்தார்கள். அது அருமையாக நொண்டியது. வேலை நிரந்தரமானதும் நொண்டுவதை நிறுத்திவிட்டது. கேட்பதற்கு ஆளில்லை.

இந்த வரிசையில்தான் சலூனுக்குச் சீல் வந்தது. வாரியத்து மழைக்கோட்டுக்காரர்கள் இருவரும் வாசலில் குறுக்கும் நெடுக்கும் நாடா கட்டினார்கள். மீசை பாதி போன வாடிக்கையாளர் மெல்ல நழுவப் பார்த்தார்.

"சார், நீங்க எங்க போறீங்க?"

"வேற கடைக்குப் போய் மீதியை எடுத்துக்கறேன்."

"அது முடியாது. உங்க மீசையில பாதி உள்ள தரையில கிடக்கு. அது சீல் ஆயிருச்சு. மீதி பாதி உங்க முகத்துல இருக்கு. ரெண்டும் ஒரே தடயம். கேஸ் முடியற வரைக்கும் அதைப் பத்திரமா வெச்சிருக்கணும்."

வாடிக்கையாளர் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். அன்று முதல் ஊர் அவரை அரைமீசை என்று கூப்பிட்டது. வியாபாரத்துக்கு அதனால் நஷ்டமில்லை. காலையில் முழு மீசையோடு வீட்டை விட்டுக் கிளம்பிய மனுஷனுக்கே இந்த கதி என்றால் நமக்கு என்ன ஆகுமோ என்று ஜனங்கள் பயந்துபோய்ப் பாலிசி எடுத்தார்கள். வீட்டில்தான் மரியாதை போய்விட்டது. கல்யாண வீடுகளில் அவரை இடப்பக்கமாகவே நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள்.

மறுநாள் சலூன்காரர் வாரிய அலுவலகத்துக்குப் போனார். பட்டப்பகலில் ஜன்னலையெல்லாம் சாத்தி, மேஜைக்கு ஒரு குட்டி விளக்கு வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் பாதி முகம்தான் தெரிந்தது. தொடரில் போலீஸ் ஸ்டேஷன் அப்படித்தான் இருக்குமாம். இருட்டில் இரண்டு நாற்காலியில் முட்டிக்கொண்டு, மூன்றாவதில் உட்கார்ந்தார். எதிரே வாரியத் தலைவரின் வலப்பக்கக் கன்னம் மட்டும் இருந்தது.

"சொல்லுங்க பாடி," என்றது கன்னம். பிணத்துக்கு வாரியத்தில் அதுதான் பெயர்.

"சார், கடையை எப்ப திறப்பீங்க?"

"கொலைகாரன் பிடிபட்ட அன்னிக்கே."

"எப்ப சார் பிடிப்பீங்க?"

தலைவர் புண்பட்டுப் போனார். "என்ன பேச்சுங்க இது? இந்த வாரியத்துல எழுபது பேர் வேலை பாக்கறோம். எழுபது குடும்பம். கொலைகாரன் பிடிபட்டா எழுபது குடும்பமும் நடுத்தெருவுக்கு வந்துரும். ஒரே ஒரு கொலைக்காக எழுபது குடும்பத்தைக் கொல்லணுமா? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்க."

"எனக்கும் ஒரு குடும்பம் இருக்கு சார்."

"நீங்க செத்துட்டீங்க. உங்க குடும்பத்துக்கு என் ஆழ்ந்த அனுதாபம்."

"சார், நான் உயிரோட இருக்கேன். பாருங்க, மூச்சு விடறேன்."

"அது உங்க சொந்த விஷயம். தனிப்பட்ட வாழ்க்கையில வாரியம் தலையிடாது."

சலூன்காரருக்குத் தலை சுற்றியது. கடைசியாக ஒரு அஸ்திரம் இருந்தது, அதை எடுத்தார். "சார், அந்தக் கால் விரல் சமாசாரம் ஒண்ணுமே இல்ல. எறும்பு கடிச்சுது. அதான் அசைஞ்சுது."

கன்னம் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தது. "இதை வேற யார்கிட்ட சொல்லியிருக்கீங்க?"

"என் சம்சாரத்துகிட்ட."

"நல்ல வேளை. கட்டைவிரலுக்குன்னு இங்க ஒரு ஆராய்ச்சிப் பிரிவே நடக்குது. பன்னிரண்டு பேர். போன வருஷம்தான் நகத்துக்குத் தனியா ஒரு அதிகாரி போட்டோம். எறும்புன்னு நீங்க பாட்டுக்குச் சொல்லிட்டா அவங்க எங்க போவாங்க?" தலைவர் குரலைத் தணித்தார். "அதோட, பிணத்தோட வாக்குமூலம் எங்கயும் செல்லாது. ஒண்ணு பண்ணலாம். சாயங்காலம் பார்வையாளர்கள் வர்ற நேரத்துல வந்து, கடைக்குள்ள படுத்துட்டுப் போங்க. நாங்க ஒரு பொம்மை வெச்சோம், அதுக்குக் கட்டைவிரல் சரியில்லன்னு புகார் வந்திருச்சு."

"சம்பளம்?"

"பிணத்துக்குச் சம்பளம் போட்டா மேலிடத்துல சிரிப்பாங்க. ஆனா ஒண்ணு, பகல்ல தெருவுல நடமாடாதீங்க. நீங்க காய்கறி வாங்கறதைப் பாத்தா ரசிகர்களுக்குக் கதை கெட்டுரும்."

சலூன்காரர் கொல்லைச் சந்து வழியாக வீடு திரும்பினார். அன்றிலிருந்து வீட்டுக்குள்ளேயே கிடந்தார். சாயங்காலம் மட்டும் போய் நாற்காலிக்கு அடியில் மல்லாந்துவிட்டு வந்தார். கை சும்மா இருக்கவில்லை. முதலில் மச்சானுக்கு வெட்டினார். மச்சான் தலையில் வெட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் போனதும் வாசல் மிதியடிக்கு ஓரம் வெட்டினார். பிறகு பல் விளக்கும் பிரஷ்களுக்கு.

அவருடைய மனைவி பஸ் கண்டக்டர். வேலை முடிந்து வந்து பையை ஆணியில் மாட்டியவள், மூலையைப் பார்த்து நின்றாள்.

"ஏங்க, துடைப்பத்தை என்ன பண்ணீங்க?"

"பின்பக்கம் கொஞ்சம் அடர்த்தியா இருந்துச்சு. குறைச்சு விட்டேன்."

"காதுகிட்ட வேற எடுத்து விட்டிருக்கீங்க."

"நல்லா இல்லையா?"

"துடைப்பத்துக்கு நல்லாத்தான் இருக்கு. வீட்டுக்குத்தான் நல்லா இல்ல." அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "கடையோட சொந்தக்காரர் வந்து வாடகை கேட்டுட்டுப் போனாரு. பாடிதான் வருமானமில்லாம கிடக்குதேன்னு சொன்னேன். செத்தவங்களுக்கும் வாடகை உண்டாம், கல்லறைக்கே குடுக்கறாங்களாம். இன்னும் ஒரு மாசம் பாப்பாராம், அப்புறம் இடத்தை வாரியத்துக்கே குடுத்துருவாராம்."

கடை போய்விட்டால் அப்புறம் சலூன்காரர் நிஜமாகவே பாடிதான். வாடிக்கையாளர் கன்னத்தில் நுரையைத் தடவி, ஊர்க்கதை கேட்டு, கழுத்தைத் துண்டால் ஒரு தட்டுத் தட்டி அனுப்புவதைத் தவிர அவருக்கு இந்த உலகத்தில் வேறு எதுவும் தெரியாது.

மனைவிக்கும் வாரியத்தின் மேல் வேறு ஒரு கணக்கு பாக்கி இருந்தது. தொடரில் கடைசி பஸ் காலியாகப் போகும். ஆகவே அவளுடைய பஸ்ஸும் காலியாகத்தான் போக வேண்டும் என்று உத்தரவு. அதுவும் வெளியூர் ரசிகர்கள் சாப்பாட்டுக்கு ஓட்டல் திரும்ப வசதியாக, கடைசி பஸ்ஸைச் சாயங்காலத்துக்கே கொண்டுவந்துவிட்டார்கள். ஸ்டாப்பில் அறுபது பேர் பையும் குழந்தையுமாக நிற்க, அவள் விசிலடித்து வெறும் வண்டியைக் கிளப்ப வேண்டும். விசிலடிக்கப் பிறந்தவள்தான், ஆனாலும் இப்படி ஒரு விசில் அவள் வாயில் கசந்தது.

"கொலைகாரன் கிடைச்சா கடை திறக்கும். அவ்வளவுதானே சொன்னாங்க?"

"ஆமா. ஆனா அவங்க பிடிக்க மாட்டாங்க."

"பிடிக்க வேண்டாம். நாமளே ஒருத்தரைக் குடுத்துருவோம்."

"யாரை?"

மனைவி துடைப்பத்தை எடுத்து, கிராப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

வருஷத்துக்கு ஒருமுறை மாநகராட்சி மண்டபத்தில் வாரியம் ஒரு பொது விசாரணை நடத்தும். மண்டபம் நிறைய மழைக்கோட்டுகள். அத்தனை பேரும் வியர்வையில் தொப்பல். இடப்பக்கம் அசைந்த கட்சி, வலப்பக்கம் அசையாத கட்சி. நடுவில் யாரும் உட்காராத பத்து வரிசையில் அரைமீசை மட்டும் உட்கார்ந்திருந்தார். இந்தக் கட்சிக்கு ஒரு பக்கமும் அந்தக் கட்சிக்கு மறுபக்கமும் அவரைப் பிடிக்கவில்லை. மேடையில் சலூன்காரரை ஒரு பெஞ்சில் படுக்கவைத்து, கால் மட்டும் தெரியும்படி போர்த்தியிருந்தார்கள்.

தலைவர் பேசினார். "பெரியோர்களே! இந்த வருஷமும் நாம் கொலைகாரனைக் கண்டுபிடிக்கவில்லை என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன்." கைதட்டல். "சும்மா வந்துவிடவில்லை இந்த வெற்றி. எத்தனையோ முறை உண்மை நம் வாசல் வரை வந்தது. நம் ஊழியர்கள் அதைத் திருப்பி அனுப்பினார்கள். கண்டுபிடிப்பது போலீஸ் வேலை. கண்டுபிடிக்காமல் பார்த்துக்கொள்வது நம்முடைய வேலை. இரண்டில் எது கஷ்டம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை." பலத்த கைதட்டல். "யாராவது ஏதாவது சொல்ல விரும்பினால் சொல்லலாம்."

மண்டபத்தின் கடைசியிலிருந்து ஒரு விசில் கிழித்துக்கொண்டு வந்தது. மொத்தக் கூட்டமும் பழக்கதோஷத்தில் எழுந்து உள்ளே நகர்ந்து நின்றது. அந்த வழியாக, கண்டக்டர் உடுப்பில் சலூன்காரரின் மனைவி நடந்து வந்து மேடையேறினாள்.

"நான்தான் கொன்னேன்," என்றாள்.

போர்வைக்குள் ஒரு இருமல் கேட்டது.

தலைவர் சிரிக்கப் பார்த்தார். "அம்மா, நீங்க இவரோட சம்சாரம். கொலை நடந்தப்ப உங்களுக்குக் கல்யாணமே ஆகலை."

"அதான் சார். கல்யாணத்துக்கு முன்னாடியே செஞ்சேன். திட்டம் போட்டு."

"காரணம் வேணுமே!"

"ஈரத் துண்டை மெத்தை மேல போடறாரு. கூப்பிட்டா 'தோ வரேன்'னுட்டு வரமாட்டாரு. எங்க அண்ணன் வந்தா பேசாம தலையை மட்டும் பாக்கறாரு. இதெல்லாம் பின்னால நடக்கும்னு எனக்கு அன்னிக்கே தோணிச்சு."

கூட்டத்தில் இருந்த மனைவிமார்கள் பலர் தலையாட்டினார்கள். "பலமான காரணம்," என்று ஒரு அம்மாள் அழுத்தமாகச் சொன்னாள். பக்கத்தில் அவளுடைய கணவர் அவசரமாகத் தன் துண்டை மடித்து வைத்துக்கொண்டார்.

"கடைசி பஸ் போன பிறகுதான் கொலை," என்று தொடர்ந்தாள் கண்டக்டர். "அந்த பஸ்ல விசிலடிச்சது யாரு? தொடரைப் போட்டுப் பாருங்க. அப்ப வேலைக்குப் புதுசு. விசிலடிச்சேன், வண்டி போச்சு, நான் ஏறலை."

இது உண்மை. அவள் அன்றைக்கு ஏறவில்லை. படப்பிடிப்பை வேடிக்கை பார்க்க நின்றுவிட்டாள்; பிணமாகக் கிடந்தவர் எழுந்து காலைச் சொறிந்ததைப் பார்த்துச் சிரித்தாள்; அவர் திரும்பிப் பார்த்தார். கல்யாணம் அப்படித்தான் ஆனது. ஆனால் அதை அவள் அங்கே சொல்லவில்லை.

நகத்து அதிகாரி மயங்கி விழுந்தார். "ஏறலையா!" என்று மண்டபமே முணுமுணுத்தது. பத்து லட்சம் பேர் காலைப் பார்த்தார்களே தவிர, பஸ்ஸின் படிக்கட்டைப் பார்க்கவில்லை. "இந்தாங்க, கையைக் கட்டுங்க," என்று அவள் இரண்டு கையையும் நீட்டினாள். "கேஸை முடிங்க. முடிச்சுட்டுக் கடையைத் திறங்க."

"யாரும் கட்டாதீங்க!" என்று அலறினார் தலைவர். இத்தனை வருஷத்தில் முதல் முறையாக இரண்டு கட்சிகளும் ஒன்றாக எழுந்தன. "வேண்டாம்மா! சொல்லாதீங்க! நாங்க எதைப் பத்திச் சண்டை போடுவோம்?" என்று கண்ணீரோடு கெஞ்சினார்கள்.

தலைவர் வேர்க்க வேர்க்க அவள் அருகில் வந்தார். மழைக்கோட்டின் பொத்தானைக் கழற்றினார். "தங்கச்சி, இவ்வளவு நல்ல மனுஷி கொலை செஞ்சிருக்கவே முடியாது. நான் எழுபது பேர் சார்பா உத்தரவாதம் தரேன். வாபஸ் வாங்கிக்கோம்மா."

"வாங்கிக்கறேன். தொடர்ல கடைசி பஸ் போற வரைக்கும் சலூன் திறந்துதானே இருக்கு? அதுக்கு அப்புறம்தானே இவர் சாகறாரு?"

"ஆமா..."

"அப்படியே இருக்கட்டும். பஸ் போற வரைக்கும் இவர் உயிரோட இருந்து கடையை நடத்தட்டும். பஸ் போனதும் செத்துருவாரு. மரபும் கெடாது."

தலைவர் யோசித்தார். மரபு கெடாதுதான். வாரியம் பிழைக்கும், விரல் பிழைக்கும், நகம் பிழைக்கும். ஒலிபெருக்கியில் அறிவித்தார்: "கடைசி பஸ் புறப்படும் வரை பிணம் உயிருடன் இருக்க வாரியம் அனுமதிக்கிறது." மண்டபம் அதிர்ந்தது. அந்த அமளியில், பஸ் எப்போது புறப்படும் என்பதை யார் முடிவு செய்வது என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

மறுநாள் சாயங்காலம் லாரி மழை பெய்துவிட்டுப் போனது. விளக்குகள் விட்டு விட்டு எரிந்தன. ஒன்று மட்டும் ஒழுங்காக எரிந்தது. நாய் நாலு காலில் நடந்துபோனது. சலூனில் நாற்காலியில் அரைமீசை உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் பெஞ்சில் இன்னும் ஒன்பது பேர். கண்ணாடிக்கு வெளியே மழைக்கோட்டு போட்ட கூட்டம், முன்வரிசையில் கடிகாரத்தோடு தலைவர்.

எதிரே ஸ்டாப்பில் கடைசி பஸ் உறுமிக்கொண்டு நின்றது. கண்டக்டர் படியில் நின்று சலூனுக்குள் எட்டிப் பார்த்தாள். நாற்காலியில் ஒரு முகம் பாதி நுரையில் இருந்தது.

"நேரமாச்சும்மா, விசிலடி!" என்றார் தலைவர்.

"எப்படி சார் அடிக்கிறது? கொலை நடக்கற நேரத்துல உள்ள பத்துப் பேர் உக்காந்திருக்காங்க. பத்து சாட்சி சார். நாளைக்கே கேஸ் முடிஞ்சுரும். பரவாயில்லையா?"

தலைவர் பதறிப்போய்க் கடிகாரத்தைப் பைக்குள் போட்டார். "இரு, இரு. அவசரமில்ல."

"அது வரைக்கும் வண்டி நிக்கும்," என்று அவள் ஸ்டாப்பைப் பார்த்துத் திரும்பினாள். "என்ன எல்லாரும் வேடிக்கை பாக்கறீங்க? வண்டி சும்மாதானே நிக்குது, ஏறுங்க. உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல அவ்வளவு இடம் இருக்கு. அம்மா, குழந்தையைக் குடுங்க இங்க."

"வண்டி காலியா போகணுமே!"

"போகும் சார். போகப் போக எல்லாரும் இறங்கிருவாங்க. டிப்போகிட்ட சுத்தமா காலியாயிரும்."

சலூன்காரர் மீதிப் பாதி மீசையை எடுத்தார். அரைமீசை கண்ணாடியில் தன் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்து, "எந்தப் பக்கம் நான்னு மறந்தே போச்சு," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்து ஒரு தாடி, ஒரு கிராப், பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர், மூன்று அசைந்த கட்சி, மூன்று அசையாத கட்சி. கழுத்தில் துண்டைப் போட்டதும் எந்தக் கட்சிக்காரரும் விரலைப் பற்றிப் பேசவில்லை. வீட்டைப் பற்றித்தான் பேசினார்கள். வரிசையில் கடைசியாகத் தலைவரே வந்து உட்கார்ந்தார். மழைக்கோட்டுக்குள் வெந்து போயிருந்த பிடரிக்குப் பவுடர் பட்டதும், "அப்பாடா," என்று கண்ணை மூடினார்.

எல்லோரும் போன பிறகு சலூன்காரர் கத்தியைக் கழுவி வைத்தார். தரையைக் கூட்டினார். தலைவாரிக்கொண்டு, நாற்காலிக்கு அடியில் பதவிசாக மல்லாந்து படுத்து, எதிரே பார்த்துத் தலையசைத்தார்.

கண்டக்டர் விசிலடித்தாள். தொடரில் போலவே கடைசி பஸ் கிளம்பியது. தொடரில் இல்லாதபடி, அதன் ஜன்னல்களிலெல்லாம் தலைகள் இருந்தன.

சலூன்காரர் செத்துப்போனார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காலையே பார்த்தது. எறும்பு எதுவும் இல்லை. பஸ் கடையைத் தாண்டும்போது கட்டைவிரல், படிக்கட்டுப் பக்கமாக, இரண்டு முறை அசைந்தது.

"பாத்தியா! அசைஞ்சது!" என்றது ஒரு கட்சி.

"எங்க அசைஞ்சது? வெளிச்சம்டா அது!" என்றது இன்னொன்று.

பஸ் படியில் நின்றவள் மட்டும், "சரி சரி, பாத்து வீட்டுக்கு வாங்க," என்று கையாட்டிவிட்டு டிக்கெட் கிழிக்கப் போனாள்.